வயலில் விளைந்த வண்ணம்
(ஹென்றி ஃபோர்டு: ஒரு வாழ்க்கைச் சித்திரம்)

இரண்டாம் ஆண்டு டிப்ளமோ மாணவர், வேதியியல் தொழில்நுட்பப் பிரிவு



ஹென்றி ஃபோர்டு என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கார் வரும். அசெம்பிளி லைன் வரும். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வியாகக்கூட வந்திருக்கும். மறைமலை நகர்ப் பக்கம் பஸ்ஸில் போய் வந்தவர்களுக்கு, 2022 வரை அவர் பெயர் தாங்கிய கம்பெனி கார் செய்துகொண்டிருந்த பெரிய ஆலை கண்ணில் வரும்.

ஆனால் ஊர் உலகத்தையே பெட்ரோலில் ஓட வைத்த அந்த மனுஷன், வயதான காலத்தில் வேறொரு காரியத்துக்காக மண்டையை உடைத்துக்கொண்டார். காரின் மேல்தோலை வயலில் விளைய வைக்க முடியுமா என்பதுதான் அது. அந்தக் கதையைத்தான் இந்த ஆண்டு மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

மேல்தோல் என்று நான் சொல்வது பெயிண்டை. இரும்புக்கு நாம் பெயிண்ட் அடிப்பது அழகுக்கு மட்டும் இல்லை. இரும்பு, தண்ணீர், காற்றில் இருக்கிற ஆக்சிஜன் இந்த மூன்றும் சேர்ந்தால் துரு. மூன்றையும் சேரவிடாமல் நடுவே காவல் நிற்கிற மெல்லிய படலம்தான் பெயிண்ட். அந்தப் படலத்துக்கு உயிர் கொடுப்பது அதிலுள்ள பிசின். அந்தப் பிசின் எங்கிருந்து வருகிறது? பூமிக்கு அடியில் கிடக்கிற நிலக்கரி, கச்சா எண்ணெயிலிருந்தா, பூமிக்கு மேலே வளர்கிற செடியிலிருந்தா? இன்றைக்குப் பெயிண்ட் கம்பெனிகள் எல்லாம் கேட்கிற கேள்வி இது. ஃபோர்டு இதை 1930களிலேயே கேட்டுவிட்டார்.

விவசாயம் பிடிக்காத விவசாயி மகன்

1863ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டியர்பார்ன் என்ற ஊருக்குப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் ஹென்றி பிறந்தார். அப்பா வில்லியம், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்து நிலம் வாங்கி விவசாயம் செய்தவர். மூத்த பையன் நிலத்தைப் பார்த்துக்கொள்வான் என்பது அவருடைய கணக்கு. பையனுக்கோ கலப்பை, மாடு, பால் கறப்பது எதிலும் மனசு ஒட்டவில்லை. கடிகாரம் கையில் கிடைத்தால் பிரிப்பான், திரும்ப மாட்டுவான். இவ்வளவு உழைப்பை ஏன் மனுஷனும் மாடும் சுமக்க வேண்டும், மெஷின் சுமக்கக் கூடாதா என்ற நினைப்புதான் சின்ன வயசிலிருந்தே.

1876இல் அம்மா மேரி இறந்தார். ஹென்றிக்கு அப்போது 12 வயது. அதே வருடத்தில்தான், குதிரை இழுக்காமல் ரோட்டில் தானாக ஓடி வந்த ஒரு நீராவி எஞ்சினை அவர் பார்த்தார். அது மனசில் ஆணி அடித்த மாதிரி பதிந்துவிட்டது. 16 வயசில், 1879இல், பண்ணையை விட்டுப் பக்கத்து நகரமான டெட்ராய்ட்டுக்குப் போய் மெஷின் ஷாப்பில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். சம்பளம் போதவில்லை. ராத்திரியில் கடிகாரம் ரிப்பேர் செய்து ஈடுகட்டினார். கிராமத்து ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்தது. காலேஜ் கிடையாது. கற்றதெல்லாம் பட்டறையில்தான்.

1891இல் எடிசன் கம்பெனியின் டெட்ராய்ட் மின்நிலையத்தில் என்ஜினியர் வேலை. ஓய்வு நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் இருந்த செங்கல் கொட்டகையில் பெட்ரோல் வண்டி கட்டினார். 1896 ஜூன் 4ஆம் தேதி விடியற்காலையில் வண்டி தயார். ஆனால் கொட்டகை வாசலை விட வண்டி அகலம்! ஃபோர்டு கோடாரியை எடுத்துச் சுவரை உடைத்து வண்டியை வெளியே கொண்டுவந்தார். இந்தக் கோடாரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 44 வருடம் கழித்து இன்னொரு கோடாரி வரப்போகிறது.

முதலில் தொடங்கிய கம்பெனி படுத்துவிட்டது. இரண்டாவதில் பங்காளிகளோடு ஒத்துப்போகாமல் வெளியேறினார். 1903 ஜூன் 16ஆம் தேதி தொடங்கிய மூன்றாவதுதான் ஃபோர்டு மோட்டார் கம்பெனி. 1908இல் மாடல் டி கார் வந்தது.

கருப்பு வண்ணத்தின் கதை

1913இல் ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைன் வந்தது. ஒரு சேசிஸ் பூட்ட முன்பு 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. லைன் வந்த பிறகு ஒன்றரை மணி நேரம்! இதைப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் படிக்காத பாடம் ஒன்று இருக்கிறது. காரை ஒன்றரை மணி நேரத்தில் பூட்டினாலும், பெயிண்ட் காய வேண்டாமா?

அந்தக் காலத்தில் குதிரை வண்டிக்கு அடிக்கிற எண்ணெய் வார்னிஷைத்தான் காருக்கும் அடித்தார்கள். பிரஷ்ஷால் ஒரு கோட், காய விடு, உப்புத்தாள் போடு, அடுத்த கோட். இப்படி முடிக்க வாரக் கணக்கில் ஆகும். நாளைக்கு ஆயிரம் கார் இறங்குகிற ஆலையில் வாரக் கணக்கில் காயப்போட்டால் நிறுத்தி வைக்க இடத்துக்கு எங்கே போவது?

1914இலிருந்து 1925 வரை மாடல் டி கார்கள் எல்லாம் ஒரே கருப்பு. அதற்கு முன்னால் சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் எல்லாம் இருந்தது. கருப்பு பெயிண்டில் முக்கியமான சரக்கு இரண்டு. ஒன்று ஆளிவிதை எண்ணெய். இரண்டாவது கில்சோனைட். அது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சுரங்கம் வெட்டி எடுக்கிற ஒருவகை இயற்கைத் தார்க்கட்டி. தார் சேர்ந்ததால் கருப்பு நிறம் தானாக வந்தது. விலை குறைவு, உழைப்பு அதிகம், தண்ணீரைத் தடுக்கும். மட்கார்டு போன்ற சின்ன பாகங்களைப் பெயிண்டில் முக்கி அடுப்பில் வைத்துச் சுட்டு எடுத்துவிடலாம்.

ஆக, உலகப் புகழ்பெற்ற அந்தக் கருப்பு, பாதி வயலிலும் பாதி சுரங்கத்திலும் பிறந்தது. செடியும் தாரும் ஒரே டப்பாவில் கைகோத்து நின்றன. இந்தக் கைகோப்பு கதை முழுக்க வரும், கவனியுங்கள்.

காலம் மாறியது. 1923, 24 வாக்கில் டூபான்ட் கம்பெனியும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து டூகோ என்ற லாக்கரைக் கொண்டுவந்தார்கள். இதன் படலம் நைட்ரோசெல்லுலோஸ். அதாவது பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் பக்குவம் செய்தது. இதுவும் ஒருவகையில் வயலில் விளைந்ததுதான்! கரைப்பான் ஆவியாகப் பறந்ததும் காய்ந்துவிடும். வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. கலர் கலராகக் கார் வந்தது. ஜனங்களுக்குக் கருப்பு அலுத்துவிட்டது. ஃபோர்டும் வேறு வழியில்லாமல் லாக்கருக்கு மாறினார். ஆனால் லாக்கரில் ஒரு தொல்லை. கோட் மெல்லிசு, பல கோட் வேண்டும். பளபளப்பு வர ஆட்கள் தேய்த்துத் தேய்த்துப் பாலிஷ் போட வேண்டும்.

சோளத்தை அடுப்பில் எரித்த காலம்

1929இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம். விளைபொருளுக்கு விலை இல்லை. மத்திய மேற்கு மாநிலங்களில் நிலக்கரி வாங்குவதை விடச் சோளத்தை எரிப்பது மலிவு என்று விவசாயிகள் விளைந்த சோளத்தையே அடுப்பில் போட்டு எரித்தார்கள். யோசித்துப் பாருங்கள். பாடுபட்டு விளைய வைத்தவன் கையாலேயே எரிப்பது என்றால் வயிறு எப்படி எரிந்திருக்கும்!

விவசாயம் பிடிக்காமல் ஓடிவந்த ஃபோர்டுக்கு இந்தச் செய்தி உறைத்தது. அவருக்கு ஒரு யோசனை. விவசாயி விளைவிப்பதை வயிறு மட்டுமே வாங்கினால், விளைச்சல் கூடும்போதெல்லாம் விலை விழும். தொழிற்சாலையும் வாங்கினால்? விவசாயி கையில் காசு வரும், அந்தக் காசில் அவன் கார் வாங்குவான். வியாபாரியின் சுயநலமும் இதில் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை.

டியர்பார்னில் அவர் அமைத்த கிரீன்ஃபீல்டு வில்லேஜில் ஒரு ரசாயன ஆய்வுக்கூடம் வைத்தார். பொறுப்பாளர் ராபர்ட் பாயர், இருபது வயசைச் சற்றே தாண்டிய இளைஞர், ஃபோர்டு நடத்திய தொழிற்பள்ளியில் படித்தவர். பெரிய பெரிய புரபசர்களைக் கூட்டிவராமல் இளைஞர்களை நம்பித்தான் அந்தக் கூடம் ஓடியது. நம்மைப் போலத் தொழில் படித்தவர்கள்! கேரட், முட்டைக்கோஸ், வெங்காயம், கோதுமை என்று லாரி லாரியாக வந்து இறங்கியது. எதிலிருந்து தொழிற்சாலைக்கு என்ன கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகக் காய்ச்சிப் பார்த்தார்கள். 1931 கடைசியில் ஒன்றில் வந்து நின்றார்கள். அதுதான் சோயா மொச்சை.

சீனாவிலும் ஜப்பானிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சாப்பிட்டுவந்த பயிர் அது. அமெரிக்காவில் அப்போது பெரும்பாலும் மாட்டுத் தீவனம். அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய், ஐந்தில் இரண்டு பங்கு புரதம். எண்ணெய் பெயிண்டுக்கு. எண்ணெய் எடுத்த பிண்ணாக்கு பிளாஸ்டிக்குக்கு. கூடவே வேரில் நைட்ரஜனைச் சேர்த்து மண்ணையும் வளப்படுத்தும். ஃபோர்டு தம் நிலங்களிலேயே ஆயிரக்கணக்கான ஏக்கரில் சோயா விதைத்தார். சலைன், மிலன் என்ற சிற்றூர்களில் ஆற்றங்கரையோரம் சிறு ஆலைகள் வைத்தார். 1934இல் சிகாகோ கண்காட்சியில் சூப் முதல் இனிப்பு வரை எல்லாம் சோயாவிலேயே விருந்து வைத்தார் என்றால் அந்தப் பித்து எப்படிப்பட்டது பாருங்கள்!

டப்பாவுக்குள் என்ன நடக்கிறது?

இங்கே கொஞ்சம் கெமிஸ்ட்ரி. பயப்பட வேண்டாம், சிம்பிளாகவே சொல்கிறேன்.

எங்க அப்பா லாரி பாடி கட்டுகிற பட்டறையில் பெயிண்டர். எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். எனாமல் டப்பாவைத் திறந்து வைத்தால் மேலே பால் ஆடை மாதிரி ஏடு கட்டும், அதனால் மூடியை இறுக்கமாகப் போடு என்பது அப்பாவுக்கு அனுபவத்தில் தெரியும். ஏன் ஏடு கட்டுகிறது என்பதுதான் நான் இங்கே வந்து படித்தது. பெயிண்டில் இருக்கிற தாவர எண்ணெயின் கொழுப்பு அமிலச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே வந்து பிடித்து, ஒரு சங்கிலியை அடுத்த சங்கிலியோடு முடிச்சுப் போடுகிறது. நூல் எல்லாம் சேர்ந்து வலை ஆகிற மாதிரி. தண்ணீர் காய்வது வேறு, பெயிண்ட் காய்வது வேறு. எண்ணெய் ஆவியாவதில்லை, வலையாகிறது. அந்த வலைதான் இரும்பைக் காக்கிறது.

எல்லா எண்ணெயும் இப்படிக் காயாது. இரட்டைப் பிணைப்பு எவ்வளவு என்பதை அயோடின் மதிப்பால் அளப்போம். ஆளிவிதை எண்ணெய்க்குச் சுமார் 170 முதல் 200. சீக்கிரம் காயும், ஆனால் நாளாக ஆக மஞ்சளாகும். தேங்காய் எண்ணெய்க்கு 10 அளவில்தான். தலையில் தேய்த்தால் எத்தனை நாளானாலும் வார்னிஷ் ஆகாது, கவலை வேண்டாம்! சோயா இரண்டுக்கும் நடுவே, சுமார் 120 முதல் 140. அரைகுறையாகக் காயும் எண்ணெய் என்று இதைச் சொல்வார்கள். மஞ்சளாவது குறைவு. ஆனால் தனியாக அடித்தால் கார் தாங்குகிற கடினம் வராது.

இதற்கு வழி காட்டியது ஆல்கிட் பிசின். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ராய் கீன்லே 1920களில் இதைப் பக்குவப்படுத்தினார். கிளிசரின், தாலிக் அன்ஹைட்ரைடு, தாவர எண்ணெயின் கொழுப்பு அமிலம் மூன்றையும் சேர்த்துச் சமைப்பது. எண்ணெய் வளைந்து கொடுக்கும் தன்மையைக் கொடுக்கும். தாலிக் கடினத்தைக் கொடுக்கும். கிளிசரின் இரண்டையும் கோத்துப் பிடிக்கும். இந்த ஆல்கிட்டுக்குச் சோயா எண்ணெய் பொருத்தமாக அமைந்தது. கோட் கெட்டியாக நின்றது. அடுப்பில் சுட்டதும் தானாகவே பளபளத்தது, லாக்கரைப் போல ஆள் வைத்துத் தேய்க்க வேண்டியதில்லை.

ஃபோர்டு கார்கள் சோயா எனாமலுக்கு மாறின. 1935 வாக்கில் ஃபோர்டு கார் ஒவ்வொன்றுக்கும் ஒரு புஷல் சோயா, அதாவது சுமார் 27 கிலோ, செலவானதாகக் கணக்கு. பெயிண்டில், ஷாக் அப்சார்பர் திரவத்தில், ஃபவுண்டரியில் கோர் மணலைப் பிடிக்க வைக்கும் எண்ணெயில், ஹாரன் பட்டனில், கியர் குமிழில் எல்லாம் சோயா போனது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தாலிக் அன்ஹைட்ரைடு அப்போது எங்கிருந்து வந்தது? நாப்தலீனிலிருந்து. நாப்தலீன்? நிலக்கரித் தாரிலிருந்து! வயலும் சுரங்கமும் மறுபடி ஒரே டப்பாவில். ஆக ஃபோர்டு சுரங்கத்தை முழுசாக மூடவில்லை. அதன் பங்கைக் குறைத்து, வயலின் பங்கைக் கூட்டினார். இந்தக் கணக்கை உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். மிகைப்படுத்தினால் அது விளம்பரம், தொழில்நுட்பம் அல்ல.

ஒரு நட்பு

இந்தப் பாதையில் ஃபோர்டுக்கு ஓர் அருமையான நண்பர் கிடைத்தார். அவர்தான் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமைத் தாய்க்குப் பிறந்து, படிப்புக்காக ஊர் ஊராக அலைந்து, விஞ்ஞானியாகி, அலபாமா மாநிலம் டஸ்கீகி கல்விக்கூடத்தில் 1896 முதல் கற்பித்தவர். வேர்க்கடலை விஞ்ஞானி என்று நாம் படித்தவர். அவர் பெயிண்டிலும் கை வைத்தவர் என்பது பலருக்குத் தெரியாது. காசு கொடுத்துப் பெயிண்ட் வாங்க முடியாத ஏழைக் குடியானவர்கள் உள்ளூர்க் களிமண்ணைக் கொண்டே வீட்டுக்கு வண்ணம் பூசுவது எப்படி என்று 1911இல் சிறு புத்தகம் வெளியிட்டார். 1925இலும் 1927இலும் பெயிண்ட் தயாரிப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

1937இல் இருவரும் சந்தித்தார்கள். ஒருவர் பெரும் கோடீஸ்வரர். மற்றவர் ஒரே பழைய கோட்டோடு காலம் தள்ளியவர். ஆனாலும் நட்பு இறுகியது. முதுமையில் கார்வர் மாடிப்படி ஏறச் சிரமப்படுகிறார் என்று தெரிந்து, அவர் தங்கியிருந்த கட்டடத்தில் ஃபோர்டு லிஃப்ட் வைத்துக் கொடுத்தார். 1942இல் டியர்பார்னில் கார்வர் பெயரால் ஓர் ஆய்வுக்கூடமும் திறந்தார். அடுத்த ஜனவரியில் கார்வர் காலமானார்.

நாணயத்தின் மறுபக்கம்

இது மாணவர் சங்க மலர். தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் பாதிப் பேர் படிக்கிற மலர். அதனால் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

1914 ஜனவரியில் எட்டு மணி நேர வேலைக்கு நாளொன்றுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்து, உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் ஃபோர்டு. அன்றைய நிலையில் அது ஏறக்குறைய இரட்டிப்புக் கூலி. அதே ஃபோர்டு ஆலை வாசலில், 1932 மார்ச் 7ஆம் தேதி வேலை கேட்டு ஊர்வலம் வந்த பட்டினிக்காரர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அன்றே நான்கு பேர் செத்தார்கள். 1937 மே 26ஆம் தேதி நோட்டீஸ் கொடுக்க வந்த சங்கத் தலைவர்களை ஃபோர்டின் ஆட்கள் பாலத்தின் மேலேயே அடித்து நொறுக்கினார்கள். 1941இல் பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார். யூதர்கள் மேல் வெறுப்பைக் கக்கும் கட்டுரைகளைத் தம் பத்திரிகையில் வருடக்கணக்கில் வெளியிட்டு, 1927இல் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார்.

விவசாயியின் கஷ்டத்தைப் பார்த்த கண், சொந்த ஆலைத் தொழிலாளியின் கஷ்டத்தைப் பார்க்க மறுத்தது. பொருள் பசுமையாக இருந்தால் மட்டும் போதாது. அதைச் செய்கிற கைகளுக்கும் நியாயம் வேண்டும். இதை ஃபோர்டின் வாழ்க்கையே நமக்குச் சொல்கிறது.

இரண்டாவது கோடாரி

பெயிண்டில் ஜெயித்த ஃபோர்டுக்கு ஆசை பெருகியது. மேல்தோல் என்ன, உடம்பையே வயலில் எடுக்கலாமே! 1940இல் தம் காரின் பின்கதவில் சோயா கலந்த பிளாஸ்டிக் தகட்டைப் பொருத்தி, பத்திரிகைக்காரர்கள் முன்னால் கோடாரியால் ஓங்கி அடித்துக் காட்டினார். தகடு உடையவில்லை. இதுதான் நான் சொன்ன இரண்டாவது கோடாரி.

1941 ஆகஸ்ட் 13ஆம் தேதி டியர்பார்னில் முழு பிளாஸ்டிக் உடம்புக் கார் ஒன்றைக் காட்டினார். எஃகுக் குழாய்களால் ஆன கூடு, அதன் மேல் 14 பிளாஸ்டிக் தகடுகள். எடை சுமார் 900 கிலோ. எஃகு உடம்புக் காரை விட ஏறக்குறைய 450 கிலோ குறைவு. சோயா நாரைப் பீனால் பிசினில் ஊறவைத்துச் செய்தது என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவர் பிற்பாடு சொன்னார். பீனாலும் சுரங்கத்துச் சரக்குதான் என்பது கெமிஸ்ட்ரி படிக்கிற நமக்குத் தெரியும்.

அந்த வருடம் டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே நின்றது. பிளாஸ்டிக் கார் ஒன்றே ஒன்றுதான் செய்தது. அதையும் பிரித்துப் போட்டுவிட்டார்கள். 1943இல் சோயா நார் தயாரிப்பை இன்னொரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். அதே வருடம் ஒரே மகன் எட்செல் இறந்துபோனார். ஃபோர்டு ஒடிந்துபோனார். 1945இல் கம்பெனியைப் பேரனிடம் ஒப்படைத்தார்.

1947 ஏப்ரல் 7ஆம் தேதி. மழை வெள்ளத்தில் ரூஜ் ஆறு பொங்கி, ஃபோர்டு வீட்டு மின்நிலையம் நின்றுபோனது. ஒரு காலத்தில் மின்நிலையத்தில் வேலை பார்த்த மனிதர், மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும் எரிந்த வெளிச்சத்தில், 83 வயதில் கண்ணை மூடினார்.

எது நின்றது? எது போனது?

பிளாஸ்டிக் கார் போனது. சோயா எனாமல் நின்றது. ஏன்?

எனக்குத் தோன்றும் பதில் இதுதான். காரின் பிளாஸ்டிக் உடம்பு யாரும் கேட்காத கேள்விக்குப் பதில். எஃகுத் தகடு மலிவாகக் கிடைத்தது, அதை நொடியில் அச்சில் அழுத்தும் பிரஸ்கள் ஏற்கெனவே ஆலையில் நின்றன. பெயிண்ட் அப்படி இல்லை. ஆலை முழுக்க அடைத்துக்கொண்டு நின்ற ஒரு நிஜமான பிரச்சினையை அது தீர்த்தது. சீக்கிரம் காய்ந்தது, தேய்ப்புக்கூலி மிச்சமானது, இரும்பைக் காத்தது, விலை கட்டுபடியானது. செடியிலிருந்து வந்தது என்பதற்காக யாரும் அதை வாங்கவில்லை. நல்ல பெயிண்ட் என்பதற்காக வாங்கினார்கள். அது செடியிலிருந்தும் வந்தது.

போருக்குப் பிறகு கச்சா எண்ணெய் மலிந்து, அக்ரிலிக், எபாக்ஸி, பாலியூரித்தேன் எல்லாம் வந்து கார்களின் மேல் ஏறின. ஆனாலும் ஆல்கிட் சாகவில்லை. நம் ஊர் ஹார்டுவேர் கடையில், ஜன்னல் கிரில்லுக்கு வாங்குகிற சிந்தெடிக் எனாமல் டப்பா அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். பெயரில் சிந்தெடிக், உள்ளே தாவர எண்ணெய்! ஆனால் அதோடு கலக்கிற மினரல் டர்பன்டைன் பெட்ரோலியம். தாலிக் அன்ஹைட்ரைடும் இப்போது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தே வருகிறது. அந்தக் கைகோப்பு இன்றும் விடவில்லை.

அதை அவிழ்க்கிற வேலைதான் இன்று நடக்கிறது. அதில் நம் நாட்டுச் சரக்குக்கு நல்ல இடம் உண்டு. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும்போது கையைப் புண்ணாக்குகிற தோல் எண்ணெய் இருக்கிறதே, அதிலிருந்து கார்டனால் என்ற பொருள் எடுக்கிறார்கள். அதைக் கொண்டு செய்கிற பினால்கமின் என்ற கடினப்படுத்தி, குளிரிலும் ஈரத்திலும்கூட எபாக்ஸியை இறுகச் செய்யும். கப்பல்களுக்கு அடிக்கிற பெயிண்டில் அது போகிறது. பருப்பு எடுத்த பிறகு மிஞ்சுகிற தோலிலிருந்து வருவதால் சோற்றோடு போட்டியில்லை. ஆமணக்கில் உலகத்துக்கே முதலிடம் இந்தியாவுக்கு, அதிலும் குஜராத்துக்கு. ஆமணக்கு எண்ணெயில் ஹைட்ராக்சில் தொகுதி இயற்கையிலேயே இருப்பதால் பாலியூரித்தேனுக்கு அப்படியே கைகொடுக்கும். எபாக்ஸியின் ஒரு பாதியான எபிகுளோரோஹைட்ரினைத் தாவர எண்ணெயில் கிடைக்கும் கிளிசரினிலிருந்து செய்யும் பெரிய ஆலை தாய்லாந்தில் 2012இல் வந்தது. மற்றப் பாதியான பிஸ்பினால் ஏ இன்னும் பெட்ரோலியம்தான்.

நண்பர்களே! நாளைக்கு நாம் ஏதோ ஒரு பெயிண்ட் கம்பெனி லேபிலோ ஷாப் ஃப்ளோரிலோ நிற்கப்போகிறோம். பச்சை இலைப் படம் போட்ட டப்பா ஒன்றை நம் கையில் கொடுப்பார்கள். அப்போது மூன்று கேள்வி கேட்போம். இதில் வயலின் பங்கு நூற்றுக்கு எவ்வளவு, சுரங்கத்தின் பங்கு எவ்வளவு? பழைய பெயிண்ட் காத்த அளவுக்கு இது இரும்பைக் காக்குமா? சீக்கிரம் உரிந்து, இரண்டு தடவை அடிக்க வேண்டி வந்தால் செடியில் வந்து என்ன லாபம்? மூன்றாவதாக, விளைவித்தவனுக்கும் கலக்கியவனுக்கும் அடித்தவனுக்கும் இதில் என்ன கிடைத்தது?

முதல் இரண்டு கேள்விகளை ஃபோர்டு கேட்டார், பதிலும் கண்டார். மூன்றாவதில் பாதியைத்தான் கேட்டார். மீதியைக் கேட்க வேண்டியது நாம்தான்.